முதல் ஆண்டுக்கான பணம்: பிரித்தானியத் தமிழ்ப் பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்கத் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த மாதம் நானும் நண்பர்கள் மூவரும் ஒரு சேற்றுத் தடை ஓட்டத்தில் பத்து மைல் ஓடினோம். சமூகத் தொழில்முனைவில், அதாவது சமூகத் தேவையொன்றைத் தீர்ப்பதற்காகவே தொழில் நடத்துவதில், இப்போதுதான் காலடி எடுத்துவைப்பவர்களுக்கு நிதி திரட்டவே ஓடினோம். உங்களில் பலர் பணம் தந்தீர்கள். முதலில் அதற்கு நன்றி. ஓட்டம் முடிந்தாலும் உங்களிடம் கேட்கவேண்டியது ஒன்று மிச்சமிருக்கிறது.

1987இல் வூல்வர்ஹாம்ப்டனுக்கு அருகே தொடங்கிய 'டஃப் கை' முதலாக இங்கிலாந்து இவ்வகை ஓட்டங்களை அறியும். நாங்கள் ஓடியதில் யார் முந்தினார் என்று நேரம் குறிப்பவர் இல்லை. பனிக்கட்டி கொட்டிய தொட்டியில் தலை அமிழ மூழ்கி எழுந்தபோது எனக்கு மூச்சே வரவில்லை. சேறு படிந்த சறுக்குச் சுவரில் மூன்று முறை வழுக்கி விழுந்தேன். நான்காம் முறை, மேலே குப்புறப் படுத்திருந்த முன்பின் அறியாத இருவர் என் மணிக்கட்டைப் பற்றி இழுத்துவிட்டார்கள். அப்படியொரு கை கிடைக்காமல் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும்.

எங்கள் பகுதியில் ஓர் அக்கா, தனியே வாழும் முதியவர்களை வாரம் இருமுறை ஒன்றாக இருத்தி மதியச் சாப்பாடு கொடுக்க எண்ணினார். வசதியுள்ளவர்கள் காசு கொடுத்துச் சாப்பிட, அந்த வருமானத்தில் மற்றவர்களும் சாப்பிடலாம் என்பது அவர் கணக்கு. மண்டப வாடகை, காப்புறுதி, உணவுச் சுகாதாரச் சான்றிதழ், இரண்டு பெரிய சோற்றுப் பானைகள்: அவருக்கு வேண்டியிருந்தது இவ்வளவே. நிதி கேட்டுப் போன இடத்தில் இரண்டு ஆண்டுக் கணக்கறிக்கை கேட்டார்கள். தொடங்காத வேலைக்கு ஏது கணக்கறிக்கை?

அவர் பதிவு செய்திருந்தது 2005இல் இந்நாட்டில் நடைமுறைக்கு வந்த, சி.ஐ.சி. எனப்படும் சமூக நல நிறுவனமாக. அதன் சொத்தைத் தனியார் எவரும் எடுத்துக்கொள்ள முடியாதபடி சட்டமே பூட்டுப் போடுகிறது. ஆயினும் அது அறக்கட்டளை அன்று என்பதால், வரி செலுத்துபவர் தரும் ஒவ்வொரு 100 பவுண்ஸ் நன்கொடைக்கும் அரசு 25 பவுண்ஸ் சேர்க்கும் 'கிஃப்ட் எய்ட்' அதற்குக் கிடையாது.

இந்த இடைவெளியை உணர்ந்தவர்கள் உண்டு. பிரித்தானியச் சமூகவியலாளர் மைக்கேல் யங் 1997இல் கிழக்கு இலண்டனின் பெத்னல் கிரீனில் தொடங்கிய சமூகத் தொழில்முனைவோர் பள்ளி, இத்தகையவர்களைச் செயலில் இறக்கியே கற்பிக்கிறது. ஒருவரின் சிக்கலை மற்றவர்கள் கூடி அமர்ந்து கேள்வி கேட்டே தெளிவிப்பது அங்கே ஒரு பாடமுறை. அது பதிவுபெற்ற அறக்கட்டளை என்பதால் அதற்குத் தரும் நன்கொடைக்குக் கிஃப்ட் எய்ட் உண்டு.

உங்கள் சங்கங்கள் இராப்போசன விருந்தும் நடைபயணமும் நடத்தி ஊர்ப் பாடசாலைகளுக்குச் செய்துவரும் உதவியில் ஒரு காசும் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. புதிதாக ஒரேயொரு நிகழ்வை நடத்தி, அதன் வருமானத்தை முதலாண்டில் இருக்கும் சமூகத் தொழில்முனைவோருக்கென ஒதுக்குங்கள். கணக்கறிக்கை கேட்பதற்குப் பதிலாக ஆளை நேரில் சந்தியுங்கள், சமைக்கும் இடத்தைப் போய்ப் பாருங்கள், கணக்கை ஓராண்டு கழித்துக் கேளுங்கள். பெயர் பொறிக்கத்தக்க பொருளுக்கு மட்டுமே பணம் என்னும் வழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். வாடகைக்கும் காப்புறுதிக்கும் பணமில்லாமல்தான் நல்ல முயற்சிகள் முதலாண்டிலேயே நின்றுபோகின்றன.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்வீர்களானால், நாங்கள் நால்வரும் வந்து விளக்கம் தருவோம். அந்த அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இவ்வண்ணம்,
உங்கள் சங்கங்களுள் ஒன்றின் உறுப்பினன்,
இலண்டன்