நீ போட்டுக் கொடுத்த லினக்ஸ் இடம் மாறிவிட்டது

தண்டையார்பேட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

நலம்தானே? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. போன வாரத்திலிருந்து கண்ணாடி இல்லாமலே பேப்பர் தலைப்பு படிக்கிறார்கள். உன்னை விசாரித்தார்கள். நீ கோயம்புத்தூர் போனபோது மெட்ரோ வண்ணாரப்பேட்டையோடு நின்றிருந்தது, நினைவிருக்கிறதா? 2021லிருந்து நம் வீட்டுப் பக்கமே ஓடுகிறது. கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போக இங்கே ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் போதும்.

அப்படிப் போய் வாங்கி வந்த 500 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2013இல் நீ என் கம்ப்யூட்டரில் டெபியன் 7 என்கிற லினக்ஸ் போட்டுக் கொடுத்தாயே, அது இன்னும் இருக்கிறது. ஒருமுறைகூட அழித்துப் போடவில்லை. ஐந்து தடவை அப்கிரேட் ஆகி இப்போது 12. ஆனால் அது உட்கார்ந்திருந்த ஹார்ட் டிஸ்க் முடியாமல் போய்விட்டது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கை எடுத்துப் பார்த்தேன். படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்) 24. கடல் காற்றில் கேபினெட் திருகுகளே துருவேறிக் கிடக்கின்றன, டிஸ்க் இத்தனை நாள் ஓடியதே பெரிது.

கேட்டவர்கள் எல்லாரும் புதிதாகவே போட்டுவிடச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் வேலையில் பன்னிரண்டு வருடமாகச் சேர்ந்த எழுத்துருக்கள், பிரிண்டருக்குச் செய்த பேப்பர் அளவுகள், தமிழ்99இல் நான் மாற்றிக்கொண்ட நாலு விசைகள், எல்லாம் எந்தெந்த மூலையில் இருக்கிறதென்று எனக்கே தெரியாது. அதனால் சிஸ்டத்தை அப்படியே தூக்கி வைப்பது என்று முடிவு செய்தேன். டிஸ்க்கில் பைல்களை அடுக்கி வைக்கும் முறையான பைல் சிஸ்டத்தையும் மாற்றினேன்: ஈஎக்ஸ்டி4லிருந்து பட்டர்எஃப்எஸ்.

'அது பக்கமே போகாதே' என்று அன்றைக்கு நீ சொன்னது மறக்கவில்லை. அப்போது நீ சொன்னது சரி. அது லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் வந்ததே 2009இல்தான். ஆனால் 2020இல் ஃபெடோரா 33 என்ற இன்னொரு லினக்ஸ் தன் டெஸ்க்டாப்புக்கு அதையே வழக்கமான பைல் சிஸ்டமாக்கியது. ஒரே டிஸ்க்கில், பல டிஸ்க்கைச் சேர்த்து ஓட்டும் ரெய்டு 5, 6 பக்கம் போகாமல் வைத்துக்கொண்டால் நம்பலாம் என்பது என் எண்ணம்.

மாற்றியதற்கு உண்மையான காரணம் ஒரு படம். 2009இல் காசிமேட்டில் படகுக்குப் பக்கத்தில் அப்பா நிற்பாரே, நீ எடுத்தது. போன வருஷம் திறந்தால் அப்பாவின் தோள் வரைக்கும்தான் இருக்கிறது. அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். பைல் அளவு குறையவில்லை, தேதி மாறவில்லை, ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. ஈஎக்ஸ்டி4 தன் கணக்கு வழக்கைத்தான் சரிபார்க்கும், பைலுக்குள் இருக்கும் பைட்டுகளை அல்ல. பட்டர்எஃப்எஸ் ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் (உள்ளே இருப்பதிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) எழுதி வைக்கிறது. படிக்கும்போது ஒத்துப்போகவில்லை என்றால் கெட்டதைக் கையில் கொடுக்காமல் பிழை காட்டும். எனக்கு அது போதும்.

வேலை இப்படிப் போனது. பழைய சிஸ்டத்திலேயே முதலில் பட்டர்எஃப்எஸ் கருவிகளை இன்ஸ்டால் செய்தேன். பிறகு டிஸ்க் இல்லாமலே தானாக ஓடும் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, எஸ்எஸ்டியில் சிஸ்டத்தை ஏற்றிவிடும் கிரப்புக்கு 1 எம்பி ஒதுக்கி (என்னுடையது பழைய பயாஸ், ஜிபிடி என்ற பகிர்வு அட்டவணைக்கு அது வேண்டும்), மீதியில் ரூட்டுக்கு (சிஸ்டம்) ஒன்று, ஹோமுக்கு (என் பைல்கள்) ஒன்று என இரண்டு சப்வால்யூம், அதாவது தனிப் பிரிவுகள். காப்பிக்கு ஆர்சிங்க் கட்டளை. அதற்கு வெறும் சின்ன 'ஏ' ஆப்ஷன் போதாது. பெரிய ஏ, எக்ஸ், ஹெச் மூன்றும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் ஏசிஎல் (யார் திறக்கலாம் என்ற அனுமதிப் பட்டியல்), கூடுதல் பண்புகள், ஹார்டு லிங்க் (ஒரே பைலுக்கு இன்னொரு பெயர்) எல்லாம் வழியில் உதிர்ந்துவிடும். 210 ஜிபிக்கு மூன்று மணி நேரம். படிக்க முடியவில்லை என்று மூன்று பைல்களைத்தான் சொன்னது, மூன்றும் மென்பொருள் இன்ஸ்டால் செய்யும் ஆப்ட் இறக்கி வைத்திருந்த பொதிகள். சீருட் செய்து (லைவ் யுஎஸ்பியிலிருந்தே புது சிஸ்டத்துக்குள் நுழைவது) உள்ளே போய், பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து, கிரப்பை எஸ்எஸ்டியில் போட்டேன்.

முதல் தடவையே பூட் ஆனது. சந்தோஷத்தில் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து இரண்டு பத்திரிகை முடித்தேன். ராத்திரி மின்விசிறியை நிறுத்தினேன், மேசைக்கு அடியில் அந்தப் பழைய 'டக்... டக்' கேட்கிறது. ஒவ்வொரு முறை சேவ் கொடுக்கும்போதும் ஒரு டக். எது எந்த டிஸ்க்கில் என்று காட்டும் டிஎஃப் கட்டளை அடித்துப் பார்த்தால் ரூட் எஸ்எஸ்டியில், ஹோம் பழைய டிஸ்க்கில்! பூட் ஆகும்போது எந்தப் பகிர்வை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேபில் ரூட் வரியின் யுயுஐடியை (பகிர்வின் அடையாள எண்) மாற்றிய நான் ஹோம் வரியை அப்படியே விட்டிருக்கிறேன். பழைய டிஸ்க்கும் செருகியே இருந்ததால் அது பாட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடி லைவ் யுஎஸ்பி, ஹோமை மட்டும் இன்னொரு ஆர்சிங்க், வரியைத் திருத்தி, இந்த முறை பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் பூட் செய்தேன். நீ யாருக்காவது செய்து கொடுத்தால் முதல் பூட்டுக்கு முன்னாலேயே கேபிளைக் கழற்றிவிடு.

இப்போது இடம் மிச்சமாக இஸட்ஸ்டாண்டர்டு சுருக்கம் போட்டிருக்கிறேன். டெபியன் 13க்கு இன்னும் போகவில்லை. போகும் அன்று முதலில் ரூட்டுக்கு ஒரு ஸ்நாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு), ஒரு நொடி வேலை. அதை பேக்கப் என்று நினைத்துக்கொள்ளவில்லை, பயப்படாதே. ஒரே டிஸ்க்கில் செக்சம் டேட்டா கெட்டதைச் சொல்லுமே தவிர, இன்னொரு நகல் இல்லாமல் சரிசெய்யாது. அதனால் வெளி டிஸ்க் ஒன்றில் வாராவாரம் தனியாக எடுக்கிறேன்.

ஒன்று மட்டும் மனசை அறுக்கிறது. அப்பாவின் படம் சாம்பலோடுதான் இடம் மாறியது. புது டிஸ்க்கைப் பொறுத்தவரை அந்தச் சாம்பல்தான் சரியான படம், அதற்குத்தான் செக்சம் எழுதியிருக்கிறது. எல்லாவற்றையும் செக்சத்தோடு ஒப்பிடும் ஸ்க்ரப்பை இனி ஆயிரம் தடவை ஓட்டினாலும் பிழை இல்லை என்றுதான் சொல்லும்.

நீ ஊருக்குப் போகும் முன் என் போட்டோ போல்டர் முழுவதையும் உன் டிஸ்க்கில் எடுத்துக்கொண்டாயே, அதை வைத்திருக்கிறாயா? காசிமேடு 2009 என்று போல்டர் பெயர். அந்தப் படம் கால் வரைக்கும் முழுசாக இருந்தால் அனுப்பு. வாட்ஸ்அப்பில் போட்டோவாக வேண்டாம்டா, அமுக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பு.

உன்,
பழைய பெஞ்ச் தோழன்