பிறை தொழிற்சாலை நிர்வாகிகளுக்கு: ஆளுக்கொரு பூட்டு கொடுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பினாங்கில், பிறையிலும் புக்கிட் மின்யாக்கிலும் 19 வருடங்களாக மெஷின் பழுது பார்க்கிறேன். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பழுது பார்க்கப் போகிற ஒவ்வொருவருக்கும், மெஷினின் மெயின் சுவிட்சைப் பூட்டி வைக்க, சொந்தமாக ஒரு பூட்டு கொடுங்கள்.

சில வருடங்களுக்கு முன், இரவு வேலையில் கன்வேயர் சிக்கிக்கொண்டது. சுவிட்சை அடைத்து, எச்சரிக்கை அட்டையை மாட்டிவிட்டு, உருளைக்குள் கையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஷிஃப்ட் மாறிவிட்டது. புதிதாக வந்த நேப்பாளத் தம்பி, பெல்ட் நிற்கிறதே என்று சுவிட்சைப் போட்டுவிட்டார். கையிலிருந்த துணியை உருளை இழுத்துக்கொண்டு போனது. கை தப்பியது. அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமே இல்லை. அட்டை மலாயில் இருந்தது, அவருக்கு மலாய் வாசிக்கத் தெரியாது. பூட்டு தொங்கியிருந்தால் எந்த மொழியும் தேவைப்பட்டிருக்காது.

மெயின் சுவிட்சில் பூட்டு, சாவி அவரவர் பையில். நான்கு பேர் இறங்கினால் நான்கு பூட்டு. கடைசி ஆள் தன் பூட்டைக் கழற்றும்வரை மெஷின் ஓடக்கூடாது. பூட்டியதும் ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். சில நேரம் தவறான சுவிட்சைப் பூட்டியிருப்போம். அப்புறம், மின்சாரம் போனதும் மெஷின் செத்துவிட்டது என்று நினைக்கிறோமே, அதுதான் பெரிய ஆபத்து. குழாயில் காற்றழுத்தம் நிற்கும், ஹைட்ராலிக் எண்ணெயில் அழுத்தம் நிற்கும், பிரஸ் மெஷினின் கனத்த சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். தூக்கி நிற்கும் பாகத்துக்கு முட்டுக் கொடுக்காமல் அடியில் கை வைக்கவே கூடாது. இதற்கெல்லாம் நேரம் ஆகும்தான். அந்த நேரத்தை உற்பத்திக் கணக்கில் நீங்கள்தான் ஒதுக்கித் தர வேண்டும். கதவு திறந்தால் மெஷினை நிறுத்தும் சென்சாரை டேப் ஒட்டி ஏமாற்றுவதும் இந்த அவசரத்தால்தான்.

சட்டம் உங்களுக்குத் தெரிந்ததே. 1967ஆம் ஆண்டு தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் இல்லை. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் அன்றுதான் நடப்புக்கு வந்தது. முதலாளிக்கான உச்ச அபராதம் 50 ஆயிரம் வெள்ளியிலிருந்து 5 லட்சமாகியிருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாகத் தகுந்த காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளி அதைச் சரிசெய்யாவிட்டால் அங்கிருந்து விலகிக்கொள்ளவும் உரிமை உண்டு. இதை உங்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களிடம், அவர்களுக்குப் புரிகிற மொழியில், யாராவது சொன்னார்களா?

பூட்டு மாட்டும் முறையைக் காட்ட ஆள் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லித் தருகிறேன், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
பிறையிலிருந்து ஒரு ஃபிட்டர்