சாளையில் எடுக்கப்போகும் படம்

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மிணி,

இங்கு எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அழைத்தால் "எடிட்டிங்கில் இருக்கிறேன்" என்று வைத்துவிடுகிற மகளைப் பற்றி வேறு என்ன எழுத முடியும்? மஞ்சள் விலை பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அப்பிச்சியின் தோட்டத்துச் சாளை வீட்டில் நீயும் நண்பர்களும் ஜாம்பி படம் எடுக்கப்போவதாக உன் தம்பி சொன்னான். சினிமாக்காரர்கள் வயலையும் வாய்க்காலையும் கேட்டு வருவது நம் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் செத்தவர்கள் எழுந்து நடக்கிற படத்தில், அதுவும் கைக்காசைப் போட்டு எடுக்கிற படத்தில், உனக்கு என்ன பிடித்திருக்கிறது என்று விளங்காததால், அவனோடு உட்கார்ந்து நீ சொன்ன படங்களைப் பார்த்தேன்.

ஜார்ஜ் ரொமேரோவின் 1968ஆம் ஆண்டுப் படமான 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' எனக்குப் பிடித்துவிட்டது. பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டுத் தொடங்கி, மேலும் பணம் திரட்டி, ஏறக்குறைய 1,14,000 டாலரில் முடித்தார்களாம். இடிக்கப்படவிருந்த ஒரு பண்ணை வீடு, பென்சில்வேனியாவின் உள்ளூர் மக்கள், இரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளையில் யாருக்குத் தெரியப்போகிறது? பெரிய படங்களில் கணினியில் செய்த பிணங்கள் ஆயிரக்கணக்கில் ஓடி வந்தாலும் எனக்குப் பயம் வருவதில்லை. இதில் மெல்ல நடந்து வருகிறவரோ நேற்றுவரை நமக்குப் பால் ஊற்றியவரைப் போல இருக்கிறார்; பழகிய முகம் நம்மை அறியாததுபோல வெறித்துப் பார்த்தால் அடிவயிறு கலங்குகிறது, அதற்கு ஒரு செலவும் இல்லை. நட்சத்திர நடிகர் இல்லாததால் யார் பிழைப்பார் என்று ஊகிக்கவும் முடியவில்லை. பிணங்கள் வெளியே சுற்றிக்கொண்டிருக்க, உள்ளே அடைபட்ட ஏழு பேர் நிலவறையா மேல்தளமா என்று சண்டையிட்டே பாதி அழிந்துபோகிறார்கள்.

நிலவறையில் கிடந்த சிறுமி பிணமாக எழுந்து, கொத்தனார் கரண்டியோடு வரும்போது, பெற்ற தாய் தப்பி ஓடவில்லை. "இந்த அம்மா ஏன் ஓடவில்லை?" என்று உன் தம்பி சிரித்தான். எனக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

அந்தப் படத்துக்குப் பிறகு நேர்ந்ததையும் நீ நினைவில் வைக்க வேண்டும். தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப் போனதால், யார் வேண்டுமானாலும் பிரதி போட்டு விற்றார்கள். உலகமே பார்த்த படத்தின் வருமானம் எடுத்தவர்கள் கைக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. ஆகவே யார் எவ்வளவு போட்டார்கள் என்பதைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கு. நண்பர்கள்தானே என்று விட்டுவிடாதே. பவானி மாமா கதை உனக்குத் தெரியும். நீ அனுப்பிய புகைப்படத்தில் கழுத்து வெறுமையாக இருந்தது. வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று சங்கிலியைக் கழற்றி வைத்திருப்பாய்.

ஜப்பானில் ஷினிச்சிரோ உவேடா 2017இல் எடுத்த ஜாம்பி படமான 'ஒன் கட் ஆஃப் தி டெட்' சுமார் 30 லட்சம் யென்னில் உருவாகி 300 கோடி யென்னுக்கு மேல் ஈட்டியது என்று உன் தம்பி குதிக்கிறான். அப்படி வாய்த்த ஒன்றைக் காட்டி யாரும் கடன் வாங்கக் கூடாது. முதல் 37 நிமிடம் எங்கும் வெட்டாமல் எடுத்த ஒரே ஷாட். அதிலுள்ள தடுமாற்றங்களைக் கண்டு முகம் சுளித்தேன். பின்பாதியில் ஒவ்வொரு தடுமாற்றமும் எப்படி நேர்ந்தது, அதைச் சமாளிக்கக் கேமராவுக்குப் பின்னால் எத்தனை பேர் ஓடினார்கள் என்று தெரிந்தபோது, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். கோடிகள் கொட்டி எடுத்த படம் தன் ஓட்டைகளை இப்படித் திறந்து காட்டத் துணியாது. கதவு தட்டும் ஓசையை மட்டும் வைத்து நீ செய்த குறும்படத்திலும் இந்தத் துணிச்சல் இருந்தது. அப்பா அதை மறுபடியும் போட்டுப் பார்த்தார். உன்னிடம் சொல்ல மாட்டார். ஆனாலும் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கு.

பாரியூர் கோயிலில் தீ மிதிக்கிற குண்டம் திருவிழாவுக்கு வந்தால், அப்படியே படப்பிடிப்பையும் தொடங்கலாம். பிணமாக நடக்கச் சித்தப்பாவும் பால் சொசைட்டி ஆட்களும் தயாராக இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் சோறு நான் ஆக்குகிறேன். அதைப் படத்தின் செலவில் எழுத வேண்டாம். அடகுச் சீட்டு என்று ஏதேனும் இருந்தால், அப்பா கைக்குப் போகாதபடி என் பெயருக்குத் தபாலில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா