மக்களே, போன் எடுக்காட்டியும் இதை வாசி

மக்களே, ரெண்டு நாளா போன் எடுக்கல்ல, துபாய்ல உனக்கு நைட் ஷிப்ட்டாக்கும்னு நினைச்சேன். இங்க நல்ல மழை, ரப்பர் வெட்டு நின்னு கெடக்கு, அப்பா திண்ணையில இருந்து எல்லாரையும் ஏசுதாரு. வேற விசேஷம் இல்ல.

நம்ம கிழக்க வீட்டு பையன், உன்கூட பந்து விளையாடுனவன், அவனுக்கு ஸ்ட்ரோக் வந்துட்டு. வயசு 34. பிரஷர் இல்ல, சுகர் இல்ல. கழுத்து ஒரு பக்கமா வலிக்குன்னு ஒரு வாரமா தலகாணி மாத்தி மாத்தி படுத்திருக்கான், தைலம் தேச்சிருக்கான், பொறவு குளிக்கப் போன இடத்துல தலை சுத்தி ஓங்கரிச்சு, குடிச்ச வெள்ளம் தொண்டையில எறங்கல்ல, நடந்தா ஒரு பக்கமா சாயுதான். முதல்ல கொண்டு போன இடத்துல கேஸ் ட்ரபுள்னு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க கேட்டியா.

உன் தங்கச்சி ஷைனி சொல்லுதா, கழுத்துல மூளைக்கு ரத்தம் போற குழாய் நாலு, முன்னால ரெண்டு பின்னால ரெண்டு. உள்பக்கத்து தோல் கீறிட்டுன்னா ரத்தம் அடுக்குக்கு நடுவுல பூந்து கட்டியாவும், அது தெறிச்சு மேல போய் அடைச்சா ஸ்ட்ரோக். மொத்த ஸ்ட்ரோக்குல நூத்துக்கு ரெண்டுதானாம், ஆனா 50க்கு கீழ உள்ளவங்களுக்கு இது பெரிய காரணமாம். கழுத்தை வெடுக்குன்னு திருப்புனா வரும், பைக்குல விழுந்தா வரும், பலமா இருமுனா கூட வரலாமாம்.

நீ அனுப்புன சலூன் வீடியோல அந்த ஆளு உன் தாடையப் பிடிச்சு மடக்குன்னு திருப்புனான்லா, நீ சிரிச்ச. நான் அன்னைக்கு ஒண்ணும் சொல்லல்ல. வீட்டு லோனை அடைச்சவன் நீ, உனக்கு புத்தி சொல்ல நான் யாரு. ஆனாலும் கழுத்தை திருப்ப குடுக்காதே. தலையில எண்ணெய் தேய்க்கட்டும், கழுத்தைத் தொட விடாதே.

கோவப்படாதே, ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல உன் இடது கண்ணு சின்னதா இருந்துது. இமை தாழ்ந்து கெடந்துது. ஒறக்கமான்னு கேட்டேன், இல்லன்ன. கையை கழுத்துலேயே வச்சிருந்த. வலிக்குற பக்கத்துல இமை தாழ்ந்து கருமணி சுருங்குனா இதோட அடையாளமாம், கண்ணுக்குப் போற நரம்பு ஒண்ணு முன்பக்கத்து குழாயை ஒட்டித்தான் ஏறுதாம். ஷைனி கேட்டதும் அண்ணனை இப்பமே எமர்ஜென்சிக்கு போகச் சொல்லுங்கன்னா.

இன்னைக்கே போ. கழுத்து வலின்னு மட்டும் சொன்னா மாத்திரை தந்து விட்டுருவாங்க, கழுத்தை திருப்பின பொறவு வந்த வலி, இமை தாழ்ந்திருக்குன்னு சொல்லு, அப்பம்தான் கழுத்துக்கு சிடி ஆஞ்சியோ, ரத்தக் குழாயைப் பார்க்குற ஸ்கேன், எடுப்பாங்க. கீறல்தான்னாலும் பயப்படாண்டாம், ரத்தம் கட்டாம இருக்க 3 மாசம் 6 மாசம் மாத்திரை, ஒருபாடு பேருக்கு அதுலயே ஆறிரும். தடவ மட்டும் போயிராதே, உன் கேம்ப்ல வர்மம் தெரிஞ்ச ஆளு உண்டும்னியே, அங்கயும் வேண்டாம். ஊர்ல இருந்தா நானே ஆசான்கிட்ட தடவ கூட்டிட்டு போயிருப்பேன், நினைச்சாலே வெப்ராளமா வருது.

பேச்சு குழறுனா, கை தளர்ந்தா, நிக்க முடியாம தலை சுத்துனா டாக்சி பிடிக்காண்டாம், இங்க 108 மாதிரி துபாய்ல 998 கூப்பிடணும். நாலரை மணி நேரத்துக்குள்ள போனாத்தான் கட்டி கரைக்குற ஊசி போடுவாங்களாம். ரூம் பையன்கிட்டயும் சொல்லி வை.

இன்சூரன்ஸ் கார்டை எடுத்துக்கோ. ஒரு நாள் சம்பளம் போனா போவட்டும். அப்பாகிட்ட சொல்லல்ல, நீயும் சொல்லாதே. டாக்டர் சீட்டை போட்டோ எடுத்து ஷைனிக்கு அனுப்பு, எனக்கு ஒரு மிஸ்டு கால் போதும்.