எண்ணெய் மல்யுத்தத்தை வைத்து ரீல்ஸ் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் நண்பர்களே,

உடம்பெல்லாம் எண்ணெய் வழிய இரண்டு பேர், ஒருத்தர் கை இன்னொருத்தர் கால்சட்டைக்குள், பின்னணியில் ஒரு காமெடி டயலாக், மேலே நாலு சிரிப்பு எமோஜி. பத்து விநாடி. யார் முதலில் போட்டது என்று தேடிப் பயனில்லை, ஆளாளுக்கு எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். சிரிக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை, முதல் தடவை பார்க்கிற யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பத்து விநாடிக்கு முன்னாலும் பின்னாலும் என்ன நடந்தது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஊர் பேர்கூடப் போடவில்லை. என் கோபம் அதில்தான்.

ஊர் எடிர்னே. துருக்கியின் வடமேற்கு மூலையில், கிரேக்க, பல்கேரிய எல்லைகளை ஒட்டி இருக்கிறது. இஸ்தான்புல் கைக்கு வருவதற்கு முன்பு ஒட்டோமான்களுக்கு இதுதான் தலைநகர். போட்டியின் பெயர் கிர்க்பினார். ஒட்டோமான் படைவீரர்கள் நாற்பது பேர் பொழுதுபோக்காக மல்லுக்கு நின்றார்கள், கடைசி இருவர் மட்டும் விட்டுக்கொடுக்காமல் ராத்திரி முழுக்கப் பிடித்துக்கொண்டே கிடந்து செத்துப்போனார்கள், புதைத்த இடத்தில் பிறகு ஊற்றுகள் கிளம்பின என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். கதை கதையாகவே இருக்கட்டும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு விஷயம்: பால்கன் போர்களுக்குப் பிறகு எல்லைக்கோடு நகர்ந்ததில் பழைய மைதானம் கிரேக்க நாட்டுப் பக்கம் போய்விட்டது, இவர்கள் போட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். 1924 முதல் எடிர்னேயின் சராயிச்சி மைதானத்தில் நடக்கிறது. 2010இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் ஏறியது.

சரி, அந்தக் கை விஷயத்துக்கு வருகிறேன். உடம்பில் ஆலிவ் எண்ணெய் ஊற்றிக்கொண்டால் கை, கழுத்து, இடுப்பு எதைப் பிடித்தாலும் வழுக்கும், தோலில் பிடியே கிடைக்காது. பிடி கிடைக்கிற ஒரே இடம் அவர்கள் போட்டிருக்கும் தோல் கால்சட்டை. அதற்குக் கிஸ்பெத் என்று பெயர். முன்பு எருமைத் தோல், இப்போது பெரும்பாலும் கன்றுத் தோல், இடுப்பில் தடித்த பட்டை, முழங்காலுக்குக் கீழே கயிறு போட்டு இறுக்கிய விளிம்பு. எதிராளி கையை நுழைக்க முடியாதபடி கட்டுவதே ஒரு வித்தை. அந்த இடுப்புப் பட்டைக்குள்ளோ கால் விளிம்புக்குள்ளோ கையை நுழைத்துப் பிடித்துத் தூக்கிப் புரட்டுவதற்கு முறைப்படி அனுமதி இருக்கிறது, ஒவ்வொரு பிடிக்கும் பெயர் இருக்கிறது, வருடக்கணக்கில் ஒரு உஸ்தாதிடம் (குருவிடம்) இருந்து கற்கிறார்கள். எதிராளியின் முதுகு தரையில் பட்டு வயிறு வானத்தைப் பார்த்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. அவரைத் தூக்கிச் சில அடி நடந்துவிட்டாலும் வெற்றிதான். முன்பெல்லாம் நேரக் கணக்கே கிடையாது, ஒரு ஜோடி ஒரு நாள் தாண்டியும் மோதுவதுண்டு. 1975இல்தான் தலைமைப் பிரிவுக்கு 40 நிமிடம் என்று வரம்பு வைத்தார்கள். ஜூன், ஜூலை வெயிலில், கண்ணில் எண்ணெய் இறங்க, புல்தரையில் 40 நிமிடம் என்பதை நினைத்துப் பாருங்கள். அப்புறம், எடைப் பிரிவு என்பதே கிடையாது. தேர்ச்சியைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள், அதனால் ஒல்லியான ஆள் மலை மாதிரி ஒருவரோடு மோத வேண்டி வரும்.

நீங்கள் வெட்டிவிட்ட முன்பகுதிதான் எனக்குப் பிடித்தது. முதலில் இருவரும் ஒருவருக்கொருவர் எண்ணெய் பூசிவிடுகிறார்கள், கை எட்டாத முதுகுக்கு எதிராளிதான் பூச வேண்டும். அப்புறம் ஜாஸ்கிர் என்கிற அறிவிப்பாளர் பெஹ்லிவான்களை (நம் பயில்வான்தான், பாரசீகத்திலிருந்து இரண்டு பக்கமும் வந்த சொல்) வரிசையாக நிறுத்தி, பேர் ஊர் சொல்லி, பிரார்த்தனையும் பாட்டுமாக அறிமுகம் செய்கிறார். கீழே விழுந்தேன் என்று வருந்தாதே, மேலே ஏறினேன் என்று துள்ளாதே என்கிற பொருளில் வரும் வரிகள் அதில் பிரபலம். தாவுல் மேளமும் சுர்னாக் குழலும் முழங்க, கைகளை வீசிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்து, மண்டியிட்டு, மண்ணைத் தொட்டு உதட்டிலும் நெற்றியிலும் ஒற்றிக்கொள்கிறார்கள். இதற்குப் பெஷ்ரெவ் என்று பெயர். ஆட்டம் முடிந்ததும் கட்டிப்பிடித்துக்கொள்வதும், வயதில் இளையவர் மூத்தவர் கையை முத்தமிடுவதும் உண்டு, ஜெயித்தது இளையவராகவே இருந்தாலும். இதில் ஒன்றுகூட உங்கள் வீடியோவில் இல்லை.

இவர்களை இப்படி வேடிக்கைப் பொருளாக்கியதில் முதல் ஆட்கள் நீங்கள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோஜா யூசுஃப் என்று ஒரு பெஹ்லிவான், இன்றைய பல்கேரியாவில் பிறந்தவர், பாரிஸில் பெயர் வாங்கி 1898இல் அமெரிக்கா போனார். அங்கே அவரை 'பயங்கரத் துருக்கியர்' என்று காட்டித்தான் டிக்கெட் விற்றார்கள். திரும்பி வரும்போது அதே ஆண்டு ஜூலையில் லா பூர்கோனி என்ற கப்பல் அட்லாண்டிக்கில் இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியதில் செத்துப்போனார். இடுப்பில் கட்டியிருந்த தங்கக் காசுகளை விட மனமில்லாமல் அந்தக் கனத்திலேயே மூழ்கினார், படகில் ஏற மற்றவர்களை அடித்துத் தள்ளினார் என்றெல்லாம் கதை பரவியது. யார் பார்த்தார்கள், யார் எண்ணினார்கள்? காட்டுமிராண்டி என்று டிக்கெட் விற்றவர்களுக்கு அதே மாதிரி ஒரு சாவும் தேவைப்பட்டது. நீங்கள் போடும் கேப்ஷன் அந்தச் சுவரொட்டிக்கு ரொம்ப தூரத்தில் இல்லை.

இதற்காக எடிர்னேயைக் கோயிலாக்கிக் கும்பிடச் சொல்லவில்லை. அங்கேயும் கிண்டலடிக்க நிறைய இருக்கிறது. விழாவின் புரவலரை 'ஆகா' என்பார்கள், ஒரு செம்மறிக் கடாவை ஏலம் விட்டு அதிக விலை கேட்டவருக்கு அந்தப் பட்டம். ஒரு காலத்தில் விருந்தாளிகளைக் கூப்பிட்டுத் தங்கவைத்துச் சோறு போட்ட பொறுப்பு அது, இன்றைக்குப் பணக்காரர்கள் பெயர் வாங்குகிற வழியாகத்தான் எனக்குத் தெரிகிறது. தொடர்ந்து மூன்று ஆண்டு ஜெயித்தால் தங்க பெல்ட் நிரந்தரமாக வீட்டுக்கு. அந்த மூன்றாவது வெற்றியை 2013இல் எட்டியவரின் பட்டம் ஊக்கமருந்துச் சோதனையில் பறிபோனது. இதைப் பற்றி வீடியோ போடுங்கள், நானே ஷேர் செய்கிறேன். விவரம் தெரிந்து அடிக்கிற கிண்டலை அவர்களே ரசிப்பார்கள்.

ஜிரித் வீடியோக்களுக்கும் இதே கதைதான். துருக்கியின் வடகிழக்கில் எர்சுரும், பய்புர்த் பக்கம் குதிரையில் பாய்ந்துகொண்டே ஒருவர் மேல் ஒருவர் கம்பு எறியும் ஆட்டம் அது. ஆபத்து என்று சொல்லி 1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தடையே போட்டார், ஆனாலும் கிராமங்களில் பிழைத்துக்கொண்டது. அதிலிருந்து குதிரை சறுக்குவதையும் ஆள் விழுவதையும் மட்டும் தொகுத்து 'மரண மாஸ்' என்று போடுகிறீர்கள். எதிராளியைத் துரத்திப் பிடித்து, எறிகிற தூரத்தில் வந்து, எறியாமல் மன்னித்து விட்டால் அதற்கும் புள்ளி உண்டு அந்த ஆட்டத்தில். அந்தக் காட்சியை ஒரு தடவையாவது போட்டிருக்கிறீர்களா?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வீடியோவில் ஊர் பெயரும் ஆட்டத்தின் பெயரும் போடுங்கள். பத்து விநாடிக்கு மேல் யாரும் பார்க்க மாட்டார்கள் என்றால் ஐந்து விநாடி பெஷ்ரெவுக்குக் கொடுங்கள், கேமராவுக்கு அதுவும் நன்றாகவே இருக்கும்.

இன்னொன்று, இதில் எனக்குச் சமரசம் கிடையாது. கிர்க்பினாரில் சிறுவர்களுக்கும் பிரிவுகள் உண்டு. ஏழெட்டு வயதுப் பையன்கள் மாதிரித் தெரிகிறவர்களின் ஆட்டத்தையும் எடுத்து, அதே கால்சட்டைக் காட்சியை ஸ்லோ மோஷனில் ஓட்டி, கீழே கமெண்ட்டில் கண்டதையும் எழுதவிட்டிருக்கிறீர்கள். பெரியவர்கள் வீடியோவை வைத்து என்னோடு சண்டை போடுங்கள், பேசலாம். பையன்கள் வீடியோக்களை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். எடுக்காத பக்கங்களை ரிப்போர்ட் செய்யத் தொடங்கிவிட்டேன், இதைப் படிக்கிற மற்றவர்களையும் செய்யச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பக்கங்களைத் தொடர்கிற ஒருவன்