தகரம் அடித்த தெருவில் யார் கதவைத் திறப்பார்கள்?

ஆசிரியருக்கு,

ஜப்பான்காரர்களின் ஒழுங்கு நம்மவர்களுக்கு வராது, அதனால்தான் கொரோனா ஊரடங்கிலும் காசிமேட்டு மீன் சந்தையில் அவ்வளவு கூட்டம் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அங்கே மீன் வாங்கக் காரில் வந்தவர்கள் எந்தப் பேட்டைக்காரர்கள் என்பதையும் எழுதியிருக்கலாம். 2020இல் தண்டையார்பேட்டையில் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் கணக்கெடுத்த பெண்களில் நானும் ஒருத்தி.

ஜப்பானில் அந்த ஏப்ரலில் அவசரநிலை வந்தபோது வீட்டிலேயே இருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். வெளியே வந்தவர்களுக்கு அபராதம்கூடக் கிடையாது. இங்கே மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவில் ஊரடங்கு, விடிந்தால் தெருவில் லத்தி. பிரிட்டன் பணக்கார நாடுதானே? அங்கேயே பிரதமரின் ஆலோசகர் கம்மிங்ஸ் ஊரடங்கில் டர்ஹாமுக்குக் கார் ஓட்டிப் போனது தெரிந்ததும் ஜனங்கள் கொதித்துப்போனார்கள். பிரதமர் ஜான்சனே விதியை மீறியதற்காக 2022இல் அபராதம் கட்டினார்.

எங்கள் பகுதிக்கு வருகிறேன். தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். அதைப் பார்த்த பிறகு எங்கள் நோட்டில் காய்ச்சலே இல்லை! கதவை ஒரு சாண் திறந்து, "எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம், போம்மா" என்பார்கள். உள்ளே இருமல் கேட்கும். மருந்துக் கடையில் பாரசிட்டமால் மட்டும் தீர்ந்துபோயிருக்கும்.

அப்புறம் மகளிர் குழுத் தலைவி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கடனுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் எல்லா வீட்டிலும் முன்னால் நிற்பவர் அவர். வெப்பமானியை என் கையிலேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, "ஆயா, எத்தனை நாளா அனலு?" என்று வாசற்படியில் உட்கார்ந்தார். பாலும் மாத்திரையும் வீடு தேடி வரும் என்று அவர் சொன்னால் வரும், அது எல்லாருக்கும் தெரியும். மாலையே அந்த ஆயா மருமகளையும் கூட்டிக்கொண்டு காய்ச்சல் முகாமுக்கு வந்தார்.

நம்பிக்கை இருந்தால் போதும் என்று சொல்லவரவில்லை. அறிவுரையையே பெரிதும் நம்பிய ஸ்வீடனில் அந்த ஆண்டு பக்கத்து நார்வேயைவிடச் சாவு அதிகம். ஆனால் 177 நாடுகளை ஒப்பிட்டு 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வும், அரசு மீதும் அடுத்தவர் மீதும் நம்பிக்கை கூடுதலாக உள்ள இடங்களில் தொற்று குறைவு என்றுதான் சொன்னது.

ஒவ்வொரு வார்டிலும் இந்தத் தலைவி போன்றவர்கள் யார் யார் என்று இப்போதே பட்டியல் எடுத்து வைக்கலாம். தண்டையார்பேட்டைக்கு வேண்டுமானால் நானே பெயர் தருகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் களப்பணியாளர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை