மூன்று வருஷம், ஒரே புத்தகம்: ஹஷிமோட்டோ ஐயாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஹஷிமோட்டோ தகேஷி ஐயா,

வணக்கம். 2013-இல், உங்கள் 101-ஆவது வயதில் நீங்கள் கண் மூடிவிட்டீர்கள். இது உங்கள் கைக்கு வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நானும் உங்களைப் போல மொழிப்பாடம் நடத்துகிறவள். உங்களுக்குத் தெரிந்த கதையையே திரும்பச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். கூட இருந்து படிக்கிறவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

ஜப்பானின் கோபே நகரத்தில் நீங்கள் நடத்திய நடா பள்ளி என்றதுமே எல்லோரும் டோக்கியோ பல்கலைக்கழகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 1968-இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மிக அதிகம் பேரை அனுப்பியது நடா. ஒரு தனியார் பள்ளி அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை. வேதியியலில் நோபல் பரிசு பெற்ற நொயோரி ரியோஜியும் அங்கே படித்தவர்தான். இதையெல்லாம் படித்துவிட்டு, பையன்களைப் பிழிந்தெடுக்கும் பள்ளியாக்கும் என்று நினைத்திருந்தேன். உங்கள் வகுப்பைப் பற்றித் தெரிந்துகொண்ட நாளில் அந்த எண்ணம் போய்விட்டது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜப்பானியப் பாடப்புத்தகங்களில் பல வரிகளை மையால் அழிக்கச் சொன்னார்கள். நேற்றுவரை சத்தம்போட்டு வாசித்த வரியை, மாணவனே தூரிகையைப் பிடித்துக் கறுப்பாக்க வேண்டும். அப்படி ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது? 1950-இல் நீங்கள் பாடப்புத்தகத்தையே ஒதுக்கி வைத்தீர்கள். நகா கன்சுகே எழுதிய ‘வெள்ளிக் கரண்டி’ என்ற மெலிந்த நாவலை எடுத்து, நடுநிலைப்பள்ளியின் மூன்று வருஷத்துக்கும் அது ஒன்றுதான் பாடம் என்றீர்கள்.

நாவலின் தொடக்கத்தில் இழுப்பறைக்குள் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் ஒரு வெள்ளிக் கரண்டி. நோஞ்சானாகப் பிறந்த பிள்ளைக்கு மருந்து புகட்டிய கரண்டி அது. நம் வீடுகளில் சங்கு செய்த வேலையை அங்கே அந்தக் கரண்டி செய்திருக்கிறது. அந்தப் பிள்ளையின் சிறுபிராயம்தான் முழுக் கதையும். வீட்டில் வைத்து வாசித்தால் இரண்டு நாளில் முடிந்துவிடும். அதற்கு நீங்கள் எடுத்துக்கொண்டது மூன்று வருஷம்!

ராத்திரி உட்கார்ந்து, ஸ்டென்சில் தாளில் இரும்பு எழுத்தாணியால் ஒவ்வொரு எழுத்தாகக் கீறி, மை உருட்டி, வகுப்புக்கான தாள்களை நீங்களே அச்சடித்தீர்கள். எங்கள் தலைமுறை ஆசிரியர்களுக்கு சைக்ளோஸ்டைல் வாசனை தெரியும். விரலிடுக்கில் புகுந்த மை இரண்டு நாளைக்குப் போகாது. நாவலின் அத்தியாயங்களுக்கு எண் மட்டும்தான் உண்டு, தலைப்பு கிடையாது. தலைப்பு வைக்கிற வேலையைப் பையன்களிடம் விட்டீர்கள். கதைச் சிறுவன் மிட்டாய் தின்னும் இடம் வந்தபோது, அதே பழைய காலத்து மிட்டாயை வாங்கிவந்து வகுப்பில் கொடுத்தீர்கள். பட்டம் வந்தபோது பையன்களே பட்டம் செய்து பறக்கவிட்டார்கள். அந்தச் சிறுவனின் வாயில் என்ன இனித்தது, அவன் கையில் நூல் எப்படி இழுத்தது என்று தெரிந்துகொண்டுதான் அடுத்த வரிக்குப் போனார்கள்.

பழைய ஜப்பானிய நாட்காட்டியில் நாள்களுக்கும் விலங்குப் பெயர் உண்டு. அப்படி எருது நாளில் விற்கும் உதட்டுச் சாயம் ஒன்று கதையில் வரும். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு காலத்தை எண்ணும் பன்னிரண்டு விலங்குகள், ‘தண்டு’ எனப்படும் பத்துக் குறிகள், இரண்டும் சேர்ந்து சுழலும் அறுபது ஆண்டுச் சக்கரம் என்று போய்க்கொண்டே இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் கோஷியென் பேஸ்பால் மைதானத்துக்குப் பெயர் வந்ததும் அந்தச் சக்கரத்தில் இருந்துதான். அது கட்டப்பட்ட 1924, சுழற்சியின் முதல் ஆண்டான ‘கோஷி’. பிரபவ, விபவ என்று அறுபது எண்ணுகிற எங்களுக்கு இதைப் படிக்கும்போது மனம் துள்ளுகிறது.

இந்தச் சொல் வேட்டை உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதும் எனக்கு ஓரளவு புரிகிறது. மாணவராக இருந்தபோதே மொரோஹாஷி டெட்சுஜியின் மாபெரும் அகராதி வேலையில் கை கொடுத்தவர் நீங்கள். ஏறக்குறைய 50,000 சீன எழுத்துகளுக்குப் பொருள் சொல்லும் அகராதி அது.

இந்த வேகத்தில் போனால் எப்போது முடியும் என்று ஒரு பையன் கேட்டபோது, உடனே பயன்படுவது உடனே பயனற்றும் போகும் என்று சொன்னீர்களாம். எங்கள் ஓய்வறையில் ஒருவரையொருவர் பார்த்தால் கேட்பது, “போர்ஷன் முடிச்சாச்சா?” என்பதுதான். இருபது வருஷமாக நானும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

உங்களை இப்படி நடத்தவிட்ட பள்ளியையும் சொல்ல வேண்டும். 1927-இல் அதை நிறுவியவர்கள் நடா பகுதியில் சாகே என்ற அரிசி மதுவைக் காய்ச்சும் குடும்பங்கள்: கானோ குடும்பத்தின் இரண்டு கிளைகளும், யமமுரா குடும்பமும். குளிர்காலத்தில் அரிசியையும் நீரையும் சேர்த்துவிட்டு, நொதிக்கும்வரை காத்திருக்கத் தெரிந்தவர்கள். ஆலோசகராக வந்தவர், அதே கானோ வம்சத்தில் 1860-இல் பிறந்து ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ. ஆற்றலை நல்லதற்குச் செலவிடு, நீயும் பிறரும் சேர்ந்து வளருங்கள் என்ற அவருடைய இரண்டு ஜூடோ நெறிகள்தான் பள்ளியின் குறிக்கோள். ஜூடோ அங்கே எல்லோருக்கும் கட்டாயம். சீருடைதான் கிடையாது.

அங்குள்ள வழக்கங்களில் எனக்கு ஏக்கம் தருவது ஒன்று உண்டு. ஒரு வகுப்பு உள்ளே வரும்போது ஏழெட்டு ஆசிரியர்கள் அணியாகச் சேர்ந்து அதைப் பொறுப்பெடுக்கிறார்கள். ஆறு வருஷமும் அதே பிள்ளைகளோடு மேலே போகிறார்கள். பன்னிரண்டு வயதில் கீச்சுக் குரலில் வாசித்த பையன், குரல் உடைந்து, மீசை அரும்பி, பதினெட்டில் வாசலைத் தாண்டிப் போகிறவரை அதே ஆசிரியர்தான். எனக்கு ஒரு பிள்ளையின் கையெழுத்து பழகுவதற்குள் ஏப்ரல் வந்துவிடுகிறது. 1968-இல் பள்ளியை முதலிடத்துக்குக் கொண்டுபோன அந்த வகுப்பும் 1962-இல் உங்களிடம் வந்து, வெள்ளிக் கரண்டியை மெதுவாக வாசித்த வகுப்புதான். ஆனால் அந்த எண்ணிக்கைக்காக நீங்கள் அதைச் செய்யவில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

1934-இல் இருபத்தொரு வயதில் அங்கே சேர்ந்து, 1984 வரை ஐம்பது வருஷம் ஒரே பள்ளியில் இருந்தீர்கள். 2011-இல், 98 வயதில், அதே பள்ளிக்கு மறுபடி வந்து, அதே நாவலைப் புதிய பையன்களுக்கு நடத்தினீர்கள். அன்று எந்தச் சொல்லில் நின்றீர்கள், எவ்வளவு தூரம் சுற்றினீர்கள் என்று உங்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

எங்கள் எட்டாம் வகுப்புப் பாடத்தில் போன வாரம் ‘பதநீர்’ என்ற சொல் வந்தது. பாதிப் பேருக்கு அதன் ருசி தெரியவில்லை. பொருள் எழுதிப்போட்டு நகரப் பார்த்தேன். சாக்பீஸை எடுத்த கை நின்றுவிட்டது. புத்தகத்தை மூடி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை விடிகாலையில் பனையேறும் அண்ணன் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், ஐயா.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியை